நினைவட்டையில் இயங்கும் கைக்கணினி: சேமிப்பிடமும் இடமாற்றுப் பகுதியும்

திருப்பதி மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே அமைந்துள்ள வரதய்யபாளையம் மண்டலம் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டார் தடா அருவி என வழங்கும் உப்பலமடுகு அருவி இம்மண்டலத்தின் மலைக்காட்டில் உள்ளது. இதிலும் அண்டையிலுள்ள சத்தியவேடு மண்டலத்திலுமாக ஸ்ரீசிட்டி எனும் தொழிற்பேட்டை பரவியிருக்கின்றது. 2015 ஆகஸ்டில் ஷியாவ்மி நிறுவனத்தின் ரெட்மி 2 பிரைம் கைப்பேசி இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகி வெளிவந்தது. 2 கிகாபைட் நினைவகமும் 16 கிகாபைட் சேமிப்பிடமும் உடைய அக்கைப்பேசி ஆண்ட்ராய்டில் இயங்கியது. ஆண்ட்ராய்டின் உட்கருவோ லினக்ஸ். ஆகவே லினக்ஸ் கைக்கருவி என்பது இப்பகுதியாருக்கு எட்டாத பொருளன்று.

இத்தகைய கருவி ஒன்றைக் கையிலேந்தி, இம்மண்டலத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்துவரும் ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். காலையிலிருந்து நாற்பது கிணறுகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவமும் மூன்று புகைப்படங்களும் பதிவு செய்திருக்கின்றார். தொலைத்தொடர்பு கிட்டாத இடமாதலால் அனைத்தும் கருவியிலேயே உள்ளன. மாலை நான்கு மணிக்குக் கருவி தயங்குகின்றது. விரலால் தொட்டால் அரை நிமிடம் கழித்தே விடை வருகின்றது. பின்னர்ப் படிவம் திரையிலிருந்து தானாகவே மறைந்துவிடுகின்றது. அந்த நாற்பது கிணறுகளுக்கும் மறுநாள் மீண்டும் நடக்க வேண்டுமா என்பதே இப்போதைய வினா.

இவ்வாறு நேர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று பொறுப்பாகும்: சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம், அல்லது நினைவகம் தீர்ந்திருக்கலாம். வெளிக்குறிகள் ஏறக்குறைய ஒன்றே. மருந்துகளோ ஒன்றுக்கொன்று மாறானவை. நினைவகக் குறைக்குக் கொடுக்கும் மருந்தைச் சேமிப்பிடக் குறைக்குக் கொடுத்தால் நோய் முற்றும். இவ்வேறுபாட்டை விளக்கி, களப்பணியாளர் தாமே செய்யத்தக்க சில ஏற்பாடுகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அட்டையிலிருந்து எழும் கருவி

நம் நாட்டில் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகாஷ் 2 எனும் பலகைக் கணினியாகும். 2012 நவம்பர் 11-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி இதனை வெளியிட்டார். அரசு இதற்குக் கொடுத்த விலை 2,263 ரூபாய். மாணவர்க்கு மானியம் போக 1,130 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. ஏழு அங்குலத் திரை, 512 மெகாபைட் நினைவகம், 4 கிகாபைட் உட்சேமிப்பு, நுண் நினைவட்டைக்கு ஒரு துளை ஆகியவை இதன் உறுப்புகள். ஆண்ட்ராய்டுடன் வந்த இக்கருவிக்கு, நினைவட்டையிலிருந்தே இயங்கும் முழு லினக்ஸ் அமைப்பொன்றை மும்பை ஐ.ஐ.டி.யில் உருவாக்கினர்.

இதன் செயல்முறை எளிது. ஆகாஷ் 2-இல் அமைந்த ஆல்வின்னர் ஏ13 எனும் சில்லு, மின்விசை பெற்றவுடன் முதலில் நினைவட்டையைத் தேடும். அட்டையின் தொடக்கத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி ஒரு சிறு தொடக்க நிரல் இருப்பின் அதனை ஏற்று இயங்கும். இல்லையேல் உட்சேமிப்பை நாடும். அட்டையைச் செருகினால் லினக்ஸ் மேசைக்கணினி. எடுத்துவிட்டால் பழைய ஆண்ட்ராய்டு. கருவிக்குள் எதையும் அழிக்காமல் ஓர் அமைப்பை முழுவதும் மாற்றிப் பார்க்கும் இவ்வசதியை வகுப்பறையில் காட்டிப் பாருங்கள், மாணவர்கள் மறக்கமாட்டார்கள். அட்டையின் முதல் மெகாபைட்டைப் பகுதி பிரிக்கும்போது வெறுமையாக விட்டுவைக்க வேண்டும் என்று கூறுவதற்கும் இதுவே காரணம். அங்கே கைவைத்தால் கருவி எழாது.

2012-இல் பிறந்த ராஸ்பெரி பை எனும் சிறு கணினியும் இவ்வகையினதே. அதனை ஒரு திரையுடனும் மின்கலத்துடனும் இணைத்துக் கைக்கருவியாக்கிக் கொள்வோர் பலர். அதன் பை ஜீரோ 2 டபிள்யூ வகையிலும் நினைவகம் 512 மெகாபைட்தான். கீழே கூறுவன இத்தகைய எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

இரண்டு இடங்கள்

வேலை நடக்கும் மேசை வேறு; தாள்களை அடுக்கி வைக்கும் பேழை வேறு. கணினியில் மேசை போன்றது நினைவகம். அது மிக விரைவானது, ஆனால் மின்விசை நின்றால் அதிலுள்ளவை மறையும். பேழை போன்றது நினைவட்டை; அது மெதுவானது, ஆனால் மின்விசையின்றியும் எழுதியதைக் காக்கும். நினைவட்டை எனும் பெயரே இங்குக் குழப்பம் விளைவிக்கின்றது. 'என் கருவியில் 32 கிகாபைட் நினைவகம் உள்ளதே, ஏன் நின்றுபோகின்றது?' என்று கேட்போர் பேழையின் அளவைக் கூறுகின்றனர். நின்றதோ மேசையில் இடமின்மையால்.

அட்டைக்குள் இருப்பது ஃபிளாஷ் எனும் சில்லு. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டறிந்தது இது. இதில் சிறு சிறு பக்கங்களாக எழுதலாம். ஆனால் எழுதிய இடத்தில் மீண்டும் எழுத வேண்டுமாயின் பல பக்கங்கள் அடங்கிய ஒரு பெருந்தொகுதியையே முதலில் அழிக்க வேண்டும். கரும்பலகையில் ஓரெழுத்தைத் திருத்துவதற்குப் பலகை முழுவதையும் துடைத்து மீண்டும் எழுதுவதைப் போன்றதே இது. ஒவ்வோர் அழிப்பிலும் அணுவளவு தேய்மானம் உண்டு. ஓர் அறையில் ஒரு பிட் வைக்கும் உயர்ந்த வகைச் சில்லு ஏறத்தாழ ஒரு லட்சம் அழிப்புகளைத் தாங்கும். மூன்று பிட் வைக்கும் மலிவு வகை ஆயிரம் என்ற அளவிலேயே தளரும். கடைகளில் கிடைக்கும் அட்டைகளில் பெரும்பாலானவை பின்னவை.

பேழையின் கணக்கு

முதலில் சேமிப்பிடத்தைப் பார்ப்போம். 8 கிகாபைட் என அச்சிட்ட அட்டையைக் கருவியில் இட்டால் 7.4 என்று காட்டும். வணிகர் ஏமாற்றியதாக எண்ண வேண்டா. உற்பத்தியாளர் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட் எனக் கொள்கின்றனர். கணினி 107,37,41,824 பைட் எனக் கொள்கின்றது. 800 கோடியை இவ்வெண்ணால் வகுத்தால் 7.45 வரும். மாணவர்க்கு இதனையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம்.

ஆயினும் மெய்யான ஏமாற்றும் உண்டு. 4 கிகாபைட் சில்லுக்குள் 32 என்று பொய்யுரைக்கும்படி செய்த போலி அட்டைகள் சந்தையில் உலவுகின்றன. அவை நான்கு கிகாபைட் வரை ஒழுங்காக எழுதும். அதன்பின் எழுதுவது போல் நடித்து, பழையதை அழிக்கும் அல்லது புதியதை விழுங்கும். எஃப்3 எனும் இலவசக் கருவிநிரல் அட்டை முழுவதையும் எழுதிப் படித்து உண்மையைக் கூறிவிடும். புதிய அட்டையைக் களத்திற்கு எடுத்துச் செல்லும் முன்னர் இச்சோதனையைச் செய்தே தீர வேண்டும். ஓரிரவு ஆனாலும் ஆகட்டும்.

எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்பதை முனையத்தில் 'டிஎஃப்' எனும் கட்டளை காட்டும். எந்த அடைவு எவ்வளவு இடத்தை உண்கின்றது என்பதை 'டியு' காட்டும். (கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்க.) நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் நிரம்பியிருப்பின் அன்றே கவனிக்க வேண்டும். ஏனெனில் அட்டையின் உள்கட்டுப்பாட்டுச் சில்லு தேய்மானத்தைப் பரப்பிவிடுவதற்கு வெற்றிடம் தேவை; இடம் குறையக் குறைய ஒரு பக்கம் எழுதப் பல பக்கங்களை அது நகர்த்த நேரிடும்.

இடம் தீர்வதற்குக் காரணம் பெரும்பாலும் நம் புகைப்படங்கள் அல்ல. மென்பொருளைப் புதுப்பித்தபோது இறக்கிய பொதிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. டெபியன் வழிவந்த அமைப்புகளில் 'ஏபிடி கிளீன்' என்ற கட்டளை அவற்றை நீக்கும். நிகழ்வுப் பதிவேடுகளும் சத்தமின்றி வளர்வன. இங்கு ஒரு விசித்திரத்தைக் கூற வேண்டும். பெரிய பதிவேடு ஒன்றை அழித்த பின்னும் 'டிஎஃப்' பழைய அளவையே காட்டுவதுண்டு. ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை லினக்ஸ் அதன் இடத்தை விடுவிப்பதில்லை. பெயர் மட்டுமே அழிந்திருக்கும். அந்நிரலை நிறுத்தினால் இடம் திரும்பும்.

சேமிப்பிடம் முழுவதும் நிரம்பிய நிலையில் படிவத்தைச் சேமித்தால் நேரும் கேடு கொடியது. கோப்பின் பெயர் தோன்றும், உள்ளே ஒன்றுமிராது. ஊழியர் பெயரைப் பார்த்து நிம்மதியடைவார். ஆகையால் அமைப்புக்கு ஒரு பகுதியும், களத்தில் திரட்டும் செய்திக்கு வேறொரு பகுதியுமாக அட்டையை இரண்டாகப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. 8 கிகாபைட் அட்டையில் அமைப்புக்கு 4, எஞ்சியது செய்திக்கு. பதிவேடுகள் எவ்வளவு பெருத்தாலும் கிணற்றுப் படிவத்தின் இடத்தை அவை விழுங்கமாட்டா. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறை தலைமைப் பயனருக்கென நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தை ஒதுக்கி வைக்கும். செய்திப் பகுதியில் இவ்வொதுக்கீடு தேவையில்லை, நீக்கிவிடலாம். அமைப்புப் பகுதியில் நீக்கலாகாது. இடர் வந்த நாளில் கருவிக்குள் நுழைவதற்கு அந்த ஐந்து பங்கே வாயில்.

மேசை போதாதபோது

இனி நினைவகக் குறையைக் காண்போம். மேசையில் இடமில்லையெனில் இப்போது தேவைப்படாத தாள்களைப் பேழைக்குள் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கின்றோம். கணினியும் இவ்வாறே செய்கின்றது. இதற்கெனப் பேழையில் ஒதுக்கிய இடமே 'ஸ்வாப்' எனப்படும் இடமாற்றுப் பகுதி.

இது புதிய கருத்தன்று. 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் டாம் கில்பர்னும் அவர் குழுவினரும் இதனைச் செய்து காட்டினர். அதில் காந்த வளையங்களாலான விரைவு நினைவகம் 16,384 சொற்களே கொள்ளும். சுழலும் காந்த உருளைகள் அதைப்போல் ஆறு மடங்கு கொள்ளும். 512 சொற்கள் அடங்கிய பக்கங்களாக இரண்டுக்கும் இடையே இயந்திரமே மாற்றிக்கொண்டது. நிரல் எழுதியவருக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகவே தோன்றிற்று. லினக்ஸும் தொடக்கத்திலேயே இவ்வசதியைப் பெற்றது. 2 மெகாபைட் நினைவகம் மட்டுமே உடைய ஒருவரின் தேவைக்காக 1991 இறுதியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் இதனை எழுதத் தொடங்கினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது இடம்பெற்றது.

இடமாற்றுப் பகுதி அறவே இல்லையெனில் என்ன நேரும்? நினைவகம் தீர்ந்த கணத்தில் லினக்ஸின் உட்கரு ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று இடம் பெறும். மிகுதியான நினைவகத்தை வைத்திருக்கும் நிரலே பெரும்பாலும் அதன் கையில் சிக்கும். களக் கருவியில் அத்தகைய நிரல் யாது? நாம் திறந்து வைத்திருக்கும் படிவமேதான். மாலை நான்கு மணிக்குத் திரையிலிருந்து மறைந்ததற்கு இதுவும் காரணமாகலாம்.

எனவே இடமாற்றுப் பகுதி வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பலரும் வழுவுகின்றனர். 'அட்டையில் இடம் கிடக்கின்றதே, 4 கிகாபைட் வைத்தால் என்ன?' என்பர். விடையைக் கணக்கு கூறும். ஏ1 தரமுள்ள அட்டை ஒரு விநாடியில் குறைந்தது 500 சிறு எழுத்துப் பணிகளை முடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஒரு பணிக்கு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. நினைவகத்தை அணுக ஆகும் நேரமோ விநாடியில் கோடியில் ஒரு பங்கு அளவே. இருபதாயிரம் மடங்கு வேறுபாடு! மேசைமீதுள்ள சுண்ணக்கட்டியை எடுக்க ஒரு விநாடி ஆகுமெனில், பேழையிலிருந்து எடுக்க ஐந்தரை மணி நேரம் ஆகும் என்பது இதன் பொருள். பக்கமொன்று 4 கிலோபைட். விநாடிக்கு 500 பக்கம் எனில் 2 மெகாபைட். 512 மெகாபைட் இடமாற்றுப் பகுதியை நிரப்பவே நான்கு நிமிடங்களுக்கு மேலாகும். 4 கிகாபைட்டை நிரப்ப அரை மணிக்கு மேல். அவ்வளவு நேரம் உறைந்து நிற்கும் கருவியை எவரும் பொறுத்திரார், மின்கலத்தைப் பிடுங்குவர். அப்போது போவது படிவம் மட்டுமன்று. அட்டையின் கோப்பு முறையே சிதையலாம்.

தேய்மானத்தையும் கணக்கிடுவோம். 8 கிகாபைட் அட்டை ஆயிரம் அழிப்புகளைத் தாங்குமென்று கொள்க. மொத்தம் 8,000 கிகாபைட் எழுதலாம். நாளொன்றுக்கு 2 கிகாபைட் இடமாற்றம் நிகழ்ந்தால் 4,000 நாள் வரும்; பதினோராண்டு, கவலையில்லை போல் தோன்றும். ஆனால் ஒரு சிறு பக்கம் எழுத அட்டை உள்ளுக்குள் பத்து மடங்கு எழுத நேர்ந்தால் நானூறு நாளே மிஞ்சும். இவை நாம் கொண்ட எண்களே. அட்டைக்கு அட்டை மாறும். பெருத்த இடமாற்றுப் பகுதி, நிரம்பிய அட்டை ஆகிய இரண்டும் சேர்ந்தால் ஆயுள் சுருங்கும் என்பது மட்டும் மாறாது.

512 மெகாபைட் நினைவகமுள்ள கருவிக்கு அட்டையில் 256 முதல் 512 மெகாபைட் வரை போதுமானது. ராஸ்பெரி பையின் அமைப்பில் நெடுங்காலம் 100 மெகாபைட் மட்டுமே இயல்பாக வைக்கப்பட்டிருந்தது என்பதை நோக்குக.

இதனினும் மேலான வழி ஒன்று உண்டு. நினைவகத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கி, வெளியேற வேண்டிய பக்கங்களைச் சுருக்கி அங்கேயே அடுக்குவது 'ஜீராம்' எனும் ஏற்பாடு. பக்கங்களைப் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ சுருக்க இயலுமாதலால் மேசை பெரிதானது போலாகும், அட்டை தேயாது. சுருக்கவும் விரிக்கவும் செயலகத்திற்குச் சிறிது வேலை மிகும்; எனினும் அட்டையை நாடுவதைவிட இது பன்மடங்கு விரைவு. 2014-இல் வந்த லினக்ஸ் 3.14 பதிப்பில் இது முறையான உறுப்பாயிற்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் இதனையே கையாள்கின்றன. ஜீராமுக்கு முன்னுரிமை எண் 100, அட்டையிலுள்ள சிறு கோப்புக்கு 10 எனக் கொடுத்தால், பெரிய எண்ணுடையது முதலில் நிரம்பும். அட்டை இறுதிப் புகலிடமாக மட்டும் நிற்கும்.

அட்டையில் இடமாற்றுக் கோப்பு அமைக்கும் முறை: 'டிடி' கட்டளையால் வேண்டிய அளவுக்குச் சுழிகள் நிரம்பிய கோப்பு ஒன்றை அமைப்புப் பகுதியில் உண்டாக்குக. 'சிஹெச்மாட்' கொண்டு 600 எனும் உரிமையளித்து, தலைமைப் பயனர் தவிரப் பிறர் படிக்காவண்ணம் செய்க. நினைவகத்திலிருந்த கடவுச்சொற்களும் அங்கே எழுதப்படக் கூடும். பின்னர் 'எம்கேஸ்வாப்', அடுத்து 'ஸ்வாப்ஆன்'. ஒவ்வொரு முறையும் தானே அமைய வேண்டுமாயின் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இவ்வரியில் பிழை நேர்ந்தால் கருவி எழாமற் போகலாம். ஆதலால் இப்பணியை அலுவலகத்தில் செய்க, களத்தில் செய்யற்க.

எந்த நோய் என்று அறிதல்

இப்போது மாலை நான்கு மணிக்குத் திரும்புவோம். முதற்கண் 'டிஎஃப்'. அமைப்புப் பகுதியோ செய்திப் பகுதியோ நூற்றுக்கு நூறு காட்டினால் நோய் சேமிப்பிடத்தினது. இந்நிலையில் இடமாற்றுக் கோப்பைப் பெரிதாக்க முனைவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். அது எடுத்துக்கொள்வது இதே பேழையின் இடத்தையன்றோ? பொதிகளை நீக்கி, பதிவேடுகளைக் குறைத்து, ஒரு சிறு கோப்பை எழுதிப் படித்துப் பார்த்து உறுதி செய்தபின் படிவத்தைத் தொடர்க.

இடம் இருக்கின்றதெனில் 'ஃப்ரீ' கட்டளையால் நினைவகத்தைக் காண்க. அதில் 'ஃப்ரீ' எனும் நிரலின் எண் சிறிதாயிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. வெற்று நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் நகல் வைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். 'அவைலபிள்' எனும் எண்ணே கவனிக்கத்தக்கது. இடமாற்றுப் பகுதியில் ஓரளவு நிரம்பியிருப்பதும் குற்றமன்று. காலையில் வெளியேறிய பக்கங்கள் நாள் முழுவதும் அங்கே உறங்கலாம். போக்குவரத்து ஓயாமல் நடக்கின்றதா என்பதே வினா. 'விஎம்ஸ்டாட் 1' என்று கட்டளையிட்டால் விநாடிக்கொரு வரி வரும். அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' எனும் இரு நிரல்களும் சுழியாயின் நலம். இரண்டிலும் தொடர்ந்து எண்கள் ஓடின், மேசைக்கும் பேழைக்குமாக ஓடியே கருவி களைக்கின்றது. திறந்திருக்கும் இணைய உலாவியையும் படங்காட்டியையும் மூடுக. படிவத்தை உடனே சேமிக்க. 'சிங்க்' என்று கட்டளையிட்டால், நினைவகத்தில் காத்திருக்கும் எழுத்துகள் அட்டையில் இறங்கும். அதன் பின்னரே கருவியை முறைப்படி நிறுத்த வேண்டும். இயங்கும்போது அட்டையைப் பிடுங்கலாகாது; அமைப்பின் தரையே அதுதான்.

வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர்கள் பழைய ராஸ்பெரி பை ஒன்றையும், இழந்தாலும் பாதகமில்லாத அட்டையொன்றையும் எடுத்துக்கொள்க. முதலில் 'ஸ்வாப்ஆஃப்' கட்டளையால் இடமாற்றத்தை நிறுத்திவிட்டு, உலாவியில் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் செய்க. எத்தனையாவது பக்கத்தில் உலாவி மறைகின்றது என்று மாணவர் குறித்துக்கொள்ளட்டும். அடுத்து அட்டைக் கோப்பை இயக்கி அதையே செய்க. கருவி சாகாது, ஆனால் தவழும். ஒரு பக்கம் திறக்க ஆகும் விநாடிகளைக் கடிகாரத்தால் அளந்து எழுதுக. மூன்றாவதாக அட்டைக் கோப்பை நிறுத்தி ஜீராமை இயக்கி அளக்க. மூன்று முறையும் 'விஎம்ஸ்டாட்' ஒரு பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அளவுகளைக் கட்டத்தாளில் வரைந்தால் முதற்கோடு திடீரென நிற்கும், இரண்டாவது செங்குத்தாக ஏறும், மூன்றாவது சாய்ந்து ஏறும். நம் கருவிக்கு எத்தனை மெகாபைட் வேண்டும் என்பதை, மூன்றாவது கோடு நிமிரத் தொடங்கும் இடத்தைக் கொண்டு மாணவரே கூறுவர்.